விட்டதைப் பிடிக்கப் போனவர்: ஆன்லைன் ரம்மியில் சிக்கிய ஒரு குடும்பம் – நிகழ்வு ஆய்வு

சென்னையின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். 2024 ஜூன் முதல் 2026 ஜனவரி வரை எங்களிடம் வந்துபோன ஒரு குடும்பத்தின் கதை இது. அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததின் போக்கை மாற்றவில்லை.

இதை எழுதக் காரணம், நாங்கள் சரியாகச் செய்ததைவிடத் தவறாகச் செய்த ஒன்று. சூதாட்டத்தில் மாட்டியவரின் பணத்தை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்த ஆள் மனைவிதான் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். அதற்கு அந்தப் பெண் கொடுத்த விலை என்ன என்று பத்து மாதம் கழித்துதான் எங்களுக்குப் புரிந்தது.

## பின்னணி

கணவருக்கு 36 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மாதம் 38,000 ரூபாய் சம்பளம். மனைவிக்கு 32. மருந்துக் கடையில் பில் போடுகிறார், 16,000 வாங்குகிறார். நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு மகள், கூடவே கணவருடைய அம்மா. கொரட்டூரில் 11,000 ரூபாய் வாடகைக்கு வீடு. குடிப்பழக்கம் கிடையாது. பட்டறையில் நல்ல பெயர். "ஒரு சிகரெட்கூட இல்ல, அதனாலதான் எங்களுக்கு சந்தேகமே வரல" என்றார் மனைவி. இந்த வாக்கியத்தை வேறு பல குடும்பங்களிலும் கேட்டிருக்கிறேன். குடித்துவிட்டு வந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். போனில் ஆடுவதற்கு வாடை இல்லை.

ஆரம்பம் 2020 ஊரடங்கில். பட்டறை மூடிக் கிடந்தது. நண்பர் ஒருவர் அனுப்பிய லிங்க் வழியாக ஒரு ரம்மி ஆப்பை இறக்கினார். 500 ரூபாய் போட்டார். இரண்டே நாளில் 11,400 கிடைத்தது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு மிக்சி வாங்கினார். நான்கு ஆண்டு கழித்தும் அந்தத் தொகையை ரூபாய் பிசகாமல் சொன்னார். அதற்கப்புறம் விட்ட தொகைகளில் ஒன்றுகூட அவருக்குச் சரியாக நினைவில்லை.

2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. ஆப் வேலை செய்யவில்லை. அதற்குள் 40,000 போயிருந்தது, ஆனாலும் அவர் விட்டுவிட்டார். "அந்த எட்டு மாசம் நிம்மதியா தூங்கினேன் மேடம்" என்றார். 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சில நாட்களில் அவருடைய போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. திரும்பி வந்தால் போனஸ் உண்டு என்று சொல்லும் செய்தி. அன்று இரவே மறுபடியும் ஆரம்பித்தார்.

2023 ஜனவரியில் முதல்முறையாகக் குட்டு உடைந்தது. மனைவியின் அண்ணன் ஆவடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஒன்றரை லட்சம் கொடுத்து அப்போதிருந்த கடன் முழுவதையும் அடைத்தார். இவர் அழுதார், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார், எல்லோர் முன்னிலையிலும் ஆப்பை அழித்தார். ஆறே வாரத்தில் திரும்ப இறக்கிவிட்டார்.

இன்னொரு விஷயம் வெகு நாள் கழித்துதான் தெரிய வந்தது. அவருடைய அப்பாவுக்குக் கிண்டி ரேஸ் பழக்கம். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை சீட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னது: "அவங்க அப்பா கிண்டிக்குப் போன அன்னிக்கு நான் உலை வைக்க மாட்டேன். அவர் தெருமுனையில வரும்போது முகத்தப் பாத்துட்டுதான் அரிசி அளப்பேன்." மகனுடைய முகத்திலும் அதே களையைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சூதாட்டச் சிக்கல் குடும்பங்களில் தலைமுறை தாண்டித் தொடர்வது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. எங்களுடைய விசாரணைப் படிவத்தில் அப்பாவின் குடியைப் பற்றிக் கேள்வி இருந்தது. சூதைப் பற்றி இல்லை.

## முதல் சந்திப்பு: 2024 ஜூன்

அவர்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு லோன் ஆப். தவணை தவறியதும் அவருடைய போனில் இருந்த எண்களுக்கெல்லாம் ஏஜென்ட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் மகளின் கிளாஸ் டீச்சர் எண்ணும் இருந்தது. டீச்சர் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டார். அன்று மாலை பீரோவைத் திறந்து நகைப் பையைப் பார்த்தபோது உள்ளே அடகு ரசீதுகள் மட்டும் இருந்தன. 11 பவுன். மனைவி 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசினார். அங்கே நேரில் ஆலோசனை பெறச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து எங்களிடம் வந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள்: அவர், மனைவி, மச்சான். அவர் போனைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கட்டைவிரல் மேசை விளிம்பில் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. சீட்டை அடுக்கும் அசைவு அது. விரல் அப்படிப் போவது அவருக்கே தெரியவில்லை. மனைவியின் கழுத்தில் தாலிச் செயின் இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோர்த்துக் கட்டியிருந்தார்.

கடன் எவ்வளவு என்று கேட்டேன். "மூணு லட்சம் இருக்கும்" என்றார்.

சூதாட்டத்தின் தீவிரத்தை அளக்க 9 கேள்விகள் கொண்ட பிஜிஎஸ்ஐ என்ற அளவுகோல் உண்டு. மொத்தம் 27. எட்டோ அதற்கு மேலோ வந்தாலே பிரச்சினைக்குரிய சூதாட்டம். அவருக்கு 21 வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இல் சூதாட்டத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்கள் உள்ள அதே பிரிவில் சேர்த்தது. அது தரும் 9 அறிகுறிகளில் 12 மாத காலத்துக்குள் நான்கு இருந்தாலே நோய் என்று கொள்வார்கள். இவருக்கு எட்டு இருந்தன: தொகை கூடிக்கொண்டே போனது, நிறுத்தினால் எரிச்சல், பலமுறை நிறுத்தப் பார்த்துத் தோற்றது, எந்நேரமும் அதே நினைப்பு, மனம் சரியில்லாதபோது ஆடுவது, விட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவது, பொய், கடனிலிருந்து மீட்க அடுத்தவரை நம்பியிருப்பது. இல்லாதது ஒன்றுதான், வேலை இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் மூன்று பேரிடமும் விளக்கினேன். மச்சான் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "அப்போ இது திமிர் இல்லையா மேடம்?" இல்லை என்றேன். நோய் என்பதால் பொறுப்பு இல்லை என்றும் ஆகாது என்றேன். மனைவி ஒன்றும் பேசவில்லை.

## ஸ்டேட்மெண்டில் தெரிந்தது

அடுத்த சந்திப்புக்கு 14 மாத பேங்க் ஸ்டேட்மெண்டை பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். 2023 ஏப்ரல் முதல் 2024 மே வரை. ஜெராக்ஸ் கடையில் எடுத்த கட்டு ஒரு நோட்டுப் புத்தகக் கனம் இருந்தது. மஞ்சள் ஹைலைட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். ரம்மிக்குப் போன ஒவ்வொரு வரியையும் அவரே குறித்தார். முதல் பத்து பக்கம் வேகமாகப் போனார். 2024 மார்ச் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரே இரவில், 12.40-க்கும் 4.05-க்கும் நடுவில், 23 முறை பணம் போட்டிருந்தார். 200, 200, 500, 500, 1,000 என்று ஏறி, கடைசியில் 5,000. அந்த இரவின் நடுவே 6,000 ஜெயித்திருக்கிறார். "எடுத்துடலாம்னு போட்டேன். பேங்க்குக்கு வர்றதுக்குள்ள நானே கேன்சல் பண்ணிட்டு அதையும் வெச்சு ஆடினேன்."

மொத்தம் போட்டது 9,40,000. திரும்ப எடுத்தது 2,65,000. போனது 6,75,000. அந்த 14 மாதத்தில் அவர் வாங்கிய சம்பளம் 5,32,000. கால்குலேட்டரில் மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

கடன் பட்டியலையும் அன்றே எழுதினோம். நகைக் கடன் 3,10,000. பேங்க்கில் பர்சனல் லோன் பாக்கி 1,85,000. அம்மா கட்டி வந்த சீட்டை எடுத்துச் செலவழித்தது ஒரு லட்சம். பட்டறையில் ஆறு பேரிடம் கைமாத்து 92,000. கிரெடிட் கார்டு 74,000. நான்கு லோன் ஆப்களில் 61,000. தண்டல் 50,000. எல்லாம் சேர்த்து 8,72,000.

முதலில் சொன்ன மூன்று லட்சம் பொய்யா என்று மனைவி கேட்டார். எனக்கு அது முழுப் பொய்யாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கடனையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு அதுவரை அவருக்கு இல்லை. எழுதிக் கூட்டிய பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

## கேட்காமல் விட்ட கேள்வி

இந்தச் சந்திப்பு முதல் சந்திப்புக்கு ஒன்பது நாள் கழித்து நடந்தது. கிளம்பும்போது மனைவி மட்டும் பின்தங்கி, கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். எல்ஐசி பாண்ட். "இது எப்பவும் பெட்டிக்கு அடியில கிடக்கும் மேடம். போன வாரம் மேல எடுத்து வெச்சிருக்காரு. நாமினி பக்கத்துல என் பேர் சரியா இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாரு."

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். சூதாட்ட நோய் உள்ளவர்களிடையே தற்கொலை ஆபத்து அதிகம். கடன் வெளியே தெரிந்து மானம் போகும் நாட்களில் அது இன்னும் கூடும். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியால் நேர்ந்த தற்கொலைகளே இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காரணமாக இருந்தன. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு இதை ஆராயக் குழு அமைத்ததும் அதனால்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் சந்திப்பில் அளவுகோலையும் கடனையும் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. குடும்பத்தார் பக்கத்தில் இருக்கிறார்களே என்ற தயக்கம். அந்த ஒன்பது நாளில் ஏதாவது நடந்திருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வார்த்தை இருந்திருக்காது.

அவரைத் திரும்ப உள்ளே கூப்பிட்டுத் தனியாக உட்காரவைத்து நேராகவே கேட்டேன்: "செத்துடலாம்னு தோணுதா?" ஆமாம் என்று தலையை ஆட்டினார். அப்புறம்தான் முதல்முறையாக அழுதார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தைக் கொஞ்சம் இறக்கும்.

அன்று மாலையே ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மச்சானோடு அனுப்பினோம். மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொல்லி மாத்திரை ஆரம்பித்தார். இரண்டு வாரம் அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள். 14416, மருத்துவ உதவி எண்ணான 104 இரண்டையும் அட்டையில் எழுதி, அவர் சட்டைப்பையில் ஒன்று, சமையலறைச் சுவரில் ஒன்று என்று வைத்தோம்.

## கடனை அடைப்பதா, நிறுத்துவதா

மச்சானுக்குத் திருநின்றவூரில் ஒரு மனை இருந்தது. விற்று எல்லாக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிடலாம் என்று முன்வந்தார். தங்கை கழுத்தில் கயிற்றைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு.

வேண்டாம் என்றோம். இதை ஒரு அண்ணனிடம் சொல்வது கஷ்டம். காரணம் 2023 ஜனவரியிலேயே இருந்தது. கடன் மொத்தமும் தீர்ந்த ஆறே வாரத்தில் அவர் திரும்ப ஆட ஆரம்பித்தார். கடன் அடைந்ததும் கிரெடிட் கார்டில் இடம் காலியாகிறது, கைமாத்துக் கொடுத்தவர்கள் மறுபடியும் நம்புகிறார்கள், மனசில் "தப்பிச்சாச்சு" என்ற காற்று வீசுகிறது. ஆடுவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. ஆட்டம் நிற்காமல் கடனை மட்டும் அடைப்பது அடுத்த கடனுக்கு இடம் ஒதுக்குவது போலத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விடவும் முடியாது. வீட்டு வாசலில் வந்து நிற்கிற கடன் எது, காத்திருக்கிற கடன் எது என்று பிரித்தோம். தண்டலும் லோன் ஆப்களும் முதல் வகை. லோன் ஆப் விஷயத்தில் முதலில் 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார். செயலிகள் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது; அதைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினோம். அதன் பிறகு மச்சான் 1,11,000 ரூபாயை இவர் கையில் கொடுக்காமல் நேரடியாக உரியவர்களுக்கே கட்டி ரசீது வாங்கினார். அது தானம் ஆகிவிடாமல் கடனாகவே நோட்டில் எழுதப்பட்டது. நகைக்கு வட்டி மட்டும் கட்டி மாற்றி வைப்பது, பட்டறை நண்பர்களுக்கு மாதம் இவ்வளவு என்று நேரில் போய்ச் சொல்வது, பேங்க்கில் தவணையை நீட்டிக்கக் கேட்பது. நண்பர்களிடம் போய்ச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட அவருக்குக் கடினமாக இருந்தது. ஆறு பேரிடமும் சொன்னார். இரண்டு பேர் அதன் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது பணத்தின் கதவைச் சாத்துவது. சம்பளக் கணக்கின் எஸ்எம்எஸ் மனைவியின் போனுக்கு மாற்றம், ஏடிஎம் கார்டு மனைவியிடம், யூபிஐ நீக்கம், அவர் கையில் பட்டன் போன், தினம் 100 ரூபாய் செலவுக்கு. எல்லாமே மனைவி தலையில். அப்போது எங்களுக்கு அது இயல்பாகவே பட்டது.

## வாராந்திர அமர்வுகள்

அவரோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்தோம். ஆடத் தோன்றும் நேரங்களை நோட்டில் எழுதச் சொன்னேன். மூன்று நேரங்கள் திரும்பத் திரும்ப வந்தன: சம்பளம் ஏறும் நாள், பட்டறையில் திட்டு வாங்கிய நாள், எல்லோரும் தூங்கிய பிறகு நள்ளிரவு. "கார்டு சூடா இருக்கு", "இன்னும் ஒரு கேம்தான், ஜோக்கர் வந்துடும்" என்று அவருக்குள் ஓடும் வரிகளையும் எழுதினார்.

ரம்மி திறமை ஆட்டம்தானே என்று வாதாடுவார். 1967-இலேயே உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொன்னதை எங்கோ படித்திருந்தார். நான் மறுக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டோம். ஆறு பேர் ஆளுக்கு 100 போட்டால் மேசையில் 600. நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம், ஜெயித்தவருக்கு 540. ஆறு பேரும் சம திறமை என்றால் ஆறு ஆட்டத்துக்கு 600 போட்டு ஒருமுறை ஜெயித்து 540 வாங்குகிறோம். பணம் போடும்போதே 28 சதவீத ஜிஎஸ்டி 2023 அக்டோபரிலிருந்து வேறு இருந்தது. நீங்கள் அந்த ஐந்து பேரோடு மட்டும் ஆடவில்லை, மேசையோடும் ஆடுகிறீர்கள் என்றேன். வேலையில் மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பவர். இந்தக் கணக்கு அவருக்குப் பிடிபட்டது.

எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் இடைவெளி விட்டு விட்டுக் கிடைக்கும் பரிசு, தினமும் தவறாமல் கிடைக்கும் பரிசைவிட மூளையை அதிகம் கட்டிப்போடும். ஒரு சீட்டில் தவறிய ஆட்டம் தோல்வியாகவே தோன்றாது. கிட்ட வந்துவிட்டோம் என்று இன்னும் இழுக்கும். அவருக்கு அந்த 11,400 அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பத்து மாதம் நன்றாகப் போனது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்து நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாமல் செய்தன. "இது அப்பவே இருந்திருக்கணும்" என்று மனைவி சொன்னார். ஹைலைட்டர் போட்ட பக்கங்களில் பெரும்பகுதி அந்த ஐந்து மணி நேரம்தான்.

## 2025 ஏப்ரல்

மார்ச் 22-ஆம் தேதி ஐபிஎல் தொடங்கியது. ஏப்ரல் இரண்டாம் வாரம் பட்டறையில் ஒருவர் "ஐடி" தருவதாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் இயங்கும் சட்டவிரோத பெட்டிங் கணக்கு அது. இவரிடம் பட்டன் போன்தான். நண்பர் போனிலேயே பெட் கட்டினார். பணம்? பட்டறையில் ஓவர்டைம் கூலியை வாரா வாரம் கையில் ரொக்கமாகத் தருவார்கள். அதை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. ஓவர்டைம் 18,000, புதிய கைமாத்து 28,000; 19 நாளில் 46,000 போனது.

அவரே வந்து சொன்னார். மே முதல் வாரம், நேரம் குறிக்காத ஒரு நாள், மதிய இடைவேளையில். சட்டையில் கிரீஸ் வாடை. வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவகிட்ட சொல்றது போலீஸ்கிட்ட சொல்ற மாதிரி இருக்கு மேடம்."

அடுத்த நாள் மனைவியைத் தனியாக வரச் சொன்னேன். அதுவரை அவர் பதினொரு முறை எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறார். பதினொரு முறையும் அவரிடம் நான் கேட்டது கணவரைப் பற்றி: மாத்திரை போடுகிறாரா, தூங்குகிறாரா, பணம் சரியாக இருக்கிறதா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அன்றுதான் கேட்டேன்.

கொட்டித் தீர்த்துவிட்டார். கணவர் குளிக்கப் போனால் சட்டைப்பையைத் துழாவுவது. பஸ் டிக்கெட்டில் எந்த ஸ்டாப் என்று பார்ப்பது. கடையில் பில் போடும்போது போன் அதிர்ந்தால் பேங்க் எஸ்எம்எஸ்ஸோ என்று கை நடுங்கி, இரண்டு முறை தவறாக பில் போட்டுத் தன் சம்பளத்தில் கட்டியது. இரவில் மூன்று மணிக்கு விழிப்பு தட்டி, அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாரா என்று தடவிப் பார்ப்பது. "அவருக்கு நோய்னு சொன்னீங்க அக்கா. சரி. எனக்கு என்னன்னு யாரும் சொல்லல." அன்றுதான் முதல்முறையாக மேடம் என்பதை விட்டு அக்கா என்றார்.

மகளைப் பற்றியும் சொன்னார். குழந்தை தனியாக விளையாடும்போது வாயால் ஒரு சத்தம் எழுப்புவாளாம். சரசரவென்று ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு 'டிங்'. அது அந்த ஆப் சீட்டுப் போடும் சத்தம். பத்து மாதமாக வீட்டில் அந்த ஆப் இல்லை.

## மாற்றிய ஏற்பாடு

பணத்தின் காவலை மனைவியிடமிருந்து எடுத்தோம். மச்சான் ஒப்புக்கொண்டார். ஏடிஎம் கார்டு அவரிடம் போனது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார்ந்து கணக்கு முடிப்பார்கள். அவர் அந்த வீட்டில் இல்லை, இரவில் பக்கத்தில் படுப்பதில்லை, சட்டைப்பையைத் துழாவ அவசியமில்லை. அந்தத் தூரம்தான் தேவைப்பட்டது. மனைவியின் சம்பளத்துக்கு மனைவி பெயரிலேயே தனிக் கணக்கு. அதிலிருந்து கணவரின் கடனுக்கு ஒரு ரூபாயும் போகாது என்று எழுதினோம். மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு, தன் காலத்தில் தனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று ஒருநாள் அவரே சொன்னார்.

மனைவிக்கு எங்கள் மையத்திலேயே வேறொரு ஆலோசகர். அங்கே அவர் பேசுவது என் காதுக்கு வராது. வீட்டில் பணப் பேச்சு ஞாயிறு காலை அரை மணி நேரம் மட்டும். கணவருடைய சம்மதத்தோடு பட்டறை முதலாளியிடம் பேசி ஓவர்டைம் கூலியையும் பேங்க்கில் போட வைத்தோம். அதற்கு இரண்டு மாதம் ஆனது. மனநல மருத்துவர் கல்லீரல் பரிசோதனை செய்து நால்ட்ரெக்ஸோன் ஆரம்பித்தார். சூதாட்டத்துக்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் இல்லை. மதுவுக்குத் தரும் இது சிலருக்கு உந்துதலைக் குறைக்கிறது. இவருக்கு "அரிப்பு குறைஞ்ச மாதிரி" இருந்ததாம்.

46,000 விஷயத்தை மனைவியிடம் அவரே, எங்கள் அறையில், இரண்டு ஆலோசகர்களும் உடனிருக்கச் சொன்னார். மனைவி கத்தவில்லை. "எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ரம்மி நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. சரி, இனிப் பிரச்சினை இல்லை என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். 2020 தடையில் அவர் நிம்மதியாகத் தூங்கிய எட்டு மாதத்தை மறக்க முடியுமா? ஆனால் ஏப்ரலில் அவர் விழுந்த இடம் எந்தச் சட்டமும் அனுமதித்த இடமில்லை. அதனால் அமர்வுகளைக் குறைக்கவில்லை. இந்தச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை என்பதையும் விளக்கினோம். உதவி கேட்டு வந்தால் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வராமல் இருப்பவர்கள் உண்டு.

## நாங்கள் மாற்றிக்கொண்டவை

முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரையும் பத்து நிமிடமாவது தனியே பார்க்கிறோம். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கணவனோ மனைவியோ யார் ஆடினாலும், மற்றவர் பெயரில் முதல் நாளே தனிக் கோப்பு திறக்கிறோம். வருமானம் என்று கேட்கும்போது ஓவர்டைம், கமிஷன், சீட்டு, பேட்டா என்று ரொக்கமாக வருவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். எந்த ஆட்டம் என்பதோடு நிற்காமல், கிரிக்கெட், மூணு சீட்டு, வெளிமாநில லாட்டரி என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். படிவத்தில் அப்பாவின் சூதுக்கும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

பணக் காவலை ஏற்க வீட்டுக்கு வெளியே ஆளே இல்லாத குடும்பங்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. எல்லோருக்கும் ஆவடியில் ஒரு அண்ணன் இருப்பதில்லை.

## 2026 ஜனவரி

கடைசி ஆட்டம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு இரவு மனம் தடுமாறியது. செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு உறவினர் கல்யாணம். முந்தின இரவு மண்டபத்தில் ஆண்கள் பாய் விரித்துக் காசு வைத்துச் சீட்டாடினார்கள். இவர் மொட்டை மாடிக்குப் போய் பட்டன் போனில் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் அதே மண்டபத்தில், கீழே பந்தியில் இருந்தார். இலையை விட்டு எழுந்து மேலே வந்து, இரண்டு பேரும் விடியும்வரை தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிஜிஎஸ்ஐ கடந்த 12 மாதத்தைக் கணக்கில் எடுப்பதால் ஏப்ரலும் அதில் வரும், இப்போது 9. தண்டல், லோன் ஆப், கிரெடிட் கார்டு தீர்ந்தன. ஏப்ரலில் வாங்கிய 28,000-மும் கொடுத்தாயிற்று. பழைய கைமாத்தில் 20,000 பாக்கி. பேங்க் 1,05,000, நகை 2,60,000, அம்மாவின் சீட்டு ஒரு லட்சம், மச்சானுக்கு 1,11,000 என்று மொத்தம் 5,96,000 இன்னும் இருக்கிறது. இதே வேகத்தில் போனால் மூன்று ஆண்டு ஆகும். மனைவி இரவில் முழுதாகத் தூங்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது என்று அவருடைய ஆலோசகர், அவர் அனுமதியோடு, சொன்னார்.

11 பவுனில் இரண்டு பவுன் மீட்டிருக்கிறார்கள். எதை முதலில் மீட்பது என்று ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் பேசியிருக்கிறார்கள். அவர் தாலிச் செயின் என்றார். அதற்கு மனைவி, அது கடைசியில் வரட்டும், முதலில் பாப்பாவின் வளையலும் அத்தையின் கம்மலும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்து வந்தபோது மகள் அந்த வளையலைப் போட்டிருந்தாள். நாங்கள் பேசி முடிக்கும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்து அதை உருட்டிக்கொண்டிருந்தாள்.